காலுக்கும் பிரஷர் பார்க்கலாம், தெரியுமா?

உலகத்தில் முதன்முதலாக ரத்த அழுத்தத்தை அளந்த சோதனைகளில் புகழ்பெற்றது உடம்பின் எந்த இடத்தில் நடந்தது தெரியுமா? கையில் இல்லை, காலில்! அதுவும் மனிதர் காலில் இல்லை, ஒரு பெண் குதிரையின் காலில்! இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். தேவாலய வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவருக்குச் செடிகொடியிலும் விலங்குகளிலும் ஆராய்ச்சிதான். குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, தொடைத் தமனியைத் திறந்து, அதில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, அதன்மேல் நீளமான கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்தார். ரத்தம் துடித்துத் துடித்து ஏறி 8 அடி 3 அங்குல உயரத்தில் போய் நின்றது! 1733இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த அளவு இருக்கிறது. எட்டேகால் அடி! நாம் நின்றுகொண்டு கையைத் தூக்கினாலும் தொட முடியாத உயரம்!

அந்தக் குதிரை பிழைக்கவில்லை. அந்தக் காலத்தில் ரத்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று அறிய, குழாயைத் திறந்தே ஆகவேண்டும். இன்றைக்கு? ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், ஒரு ஊசிகூடக் குத்தாமல், உங்கள் காலில் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது, எந்த இடத்தில் தடைபடுகிறது, இருக்கிற புண் ஆறுமா ஆறாதா என்பது வரைக்கும் சொல்லிவிடலாம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

என் பெரியப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

பெரியப்பாவுக்குக் கும்பகோணம். வயது 68. முப்பது வருஷ பீடிப் பழக்கம், பத்து வருஷமாகச் சுகர். தினமும் சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பார். குளத்தைச் சுற்றி பதினாறு மண்டபங்கள் இருக்கின்றன அல்லவா? நாலாவது மண்டபம் வருவதற்குள் இடது ஆடுசதையை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலிக்கும். நிற்பார். இரண்டு நிமிஷத்தில் வலி சுத்தமாக மறைந்துவிடும். மறுபடி நடப்பார். மறுபடி அதே தூரத்தில் அதே வலி. நாளாக ஆக நாலு மண்டபம் மூன்றானது, மூன்று இரண்டானது. மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி ஒரு வருஷம் மாத்திரையும் தைலமும் ஓடின. அந்த ஒரு வருஷத்தில் ஒருவர்கூட அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

நடந்தால் வலி, நின்றால் நிம்மதி, மறுபடி நடந்தால் அதே தூரத்தில் வலி. இந்தக் கணக்குப் பிசகாத வலிக்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'கடை ஜன்னல் நோய்'! வலியை வெளியில் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, கண்ணாடி ஜன்னலில் வைத்திருக்கும் சாமான்களை வேடிக்கை பார்ப்பதுபோல ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்று போவார்களாம் நோயாளிகள். எவ்வளவு பொருத்தமான பெயர்! என் பெரியப்பா குளத்துத் தண்ணீரை வேடிக்கை பார்ப்பார்.

இதிலும் குதிரை ஒன்று வருகிறது பாருங்கள்! இந்த நோயை முதலில் விவரித்தவர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் இல்லை. பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே, 1831இல், வண்டி இழுக்கும்போது திடீர் திடீரென்று நொண்டி நின்றுவிடும் ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும், ஓடவிட்டால் மறுபடி நொண்டும். தொடைத் தமனியில் அடைப்பு! அதே நோய் மனிதனுக்கும் வரும் என்று 1858இல் எழுதியவர் பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் ஷார்கோ.

ஏன் நடக்கும்போது மட்டும் வலிக்கிறது? வாய்க்காலில் பாதி மண் மூடியிருந்தாலும் ஒரு பாத்திக்குப் பாய்கிற அளவு தண்ணீர் வந்துவிடும். எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால்தான் பற்றாக்குறை தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆடுசதைக்கு அந்தச் சுருங்கிய குழாய் போதும். நடக்க ஆரம்பித்ததும் சதை பல மடங்கு ரத்தம் கேட்கிறது. குழாயால் கொடுக்க முடியவில்லை. சதை கதறுகிறது!

சரி, அந்தப் பரிசோதனைக்கு வருவோம். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். பயந்துகொண்டே வந்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு பிரஷர் கருவி, பேனா மாதிரி ஒரு கம்பி, அதோடு இணைந்த கையடக்க ஸ்பீக்கர் பெட்டி. அவ்வளவுதான்!

"ஐயா, செருப்பைக் கழட்டிட்டு மல்லாந்து படுங்க. பத்து நிமிஷம் பேசாம படுத்திருங்க" என்றார் டெக்னீஷியன் பெண்.

"ஊசி ஏதாச்சும் போடுவீங்களாம்மா?"

"ஒண்ணுமே இல்லைங்கய்யா. காலுக்குப் பிரஷர் பாக்கப்போறோம், அவ்வளவுதான்."

"காலுக்குமா பிரஷர் இருக்கு?" என்று பெரியப்பா என்னைப் பார்த்தார்.

இருக்கிறது! இரண்டு கைக்கும் பட்டை கட்டிப் பார்த்தார்கள். பிறகு கணுக்காலுக்கு மேலே அதே பட்டை. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் சில்லென்று ஜெல்லைத் தடவி, அந்தப் பேனாவைச் சாய்த்து வைத்தார். முதலில் கரகரப்பு. பேனாவை ஒரு நெல் அளவு நகர்த்தினார். அவ்வளவுதான், அறை முழுக்க ஒலி! 'ஹுஷ்ஷ்... ஹுஷ்ஷ்... ஹுஷ்ஷ்...' பெரியப்பாவின் வலது காலில் ஓடும் ரத்தத்தின் சத்தம்! அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அறுபத்தெட்டு வருஷமாக உள்ளே ஓடிக்கொண்டிருப்பதை முதல் தடவையாகக் காதால் கேட்கிறார்! பட்டையில் காற்று ஏற ஏற ஒலி நின்றது. காற்றை மெல்ல இறக்கினார்கள். எந்த எண்ணில் ஒலி மறுபடி எழுகிறதோ அதுதான் அந்தக் காலின் பிரஷர்.

இடது காலுக்கு வந்தபோது சத்தமே வேறு. அந்தத் துள்ளல் இல்லை. தூரத்தில் காற்று வீசுவதுபோல ஒரு மந்தமான 'ஊ...ஊ...' மட்டும்.

அப்புறம் ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்! கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுக்க வேண்டும். பெரியப்பாவுக்குக் கையில் 140. வலது கணுக்காலில் 140. வகுத்தால் 1. இடது கணுக்காலில் 84. வகுத்தால் 0.6! இந்த எண்ணுக்கு ஏபிஐ என்று பெயர், கணுக்கால்-கை அழுத்த விகிதம். 1 முதல் 1.4 வரை இருந்தால் நல்லது. 0.9க்குக் கீழே போனால் கால் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். 0.4க்குக் கீழே என்றால் காலே ஆபத்தில் இருக்கிறது. ஒரு வருஷத் தைலம் கண்டுபிடிக்காததை ஒரு வகுத்தல் கண்டுபிடித்துவிட்டது!

ஆரோக்கியமானவருக்குக் கணுக்காலின் பிரஷர் கையைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், தெரியுமா? இதயத்திலிருந்து தூரம் போகப் போகக் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு! நாடித்துடிப்பு அலை குழாய் நெடுகப் போய் எதிரொலித்துத் திரும்பும் அலையோடு சேர்ந்து, கணுக்காலில் 10, 15 புள்ளி ஏறி நிற்கும். இத்தனைக்கும் இது படுத்திருக்கும்போது எடுத்த கணக்கு. நின்றால்? ஒரு மீட்டர் உயர ரத்தத்தின் எடை ஏறக்குறைய 78 புள்ளி பிரஷருக்குச் சமம்! நிற்கும்போது அந்த எடை முழுவதும் கணுக்காலில் சேர்ந்துவிடும். அதனால்தான் படுக்கச் சொல்கிறார்கள்.

அந்த எடைக் கணக்கை வைத்தே ஒரு பரிசோதனை உண்டு, கேட்டால் வியந்துபோவீர்கள். அளவு குறித்த ஒரு கம்பத்தைக் கட்டில் பக்கத்தில் நிறுத்துவார்கள். பாதத்தில் அந்தப் பேனாவை வைத்தபடி காலை மெல்ல மெல்ல உயர்த்துவார்கள். எந்த உயரத்தில் ஒலி நின்றுபோகிறதோ, அந்த உயரமே பிரஷர்! பட்டை வேண்டாம், காற்றடிக்க வேண்டாம். ஹேல்ஸ் பாதிரியார் ரத்தத்தை உயரே ஏற்றி அளந்தார். இங்கே காலையே உயரே ஏற்றி அளக்கிறார்கள்!

இந்தப் பேனா எங்கிருந்து வந்தது? அதன் கதை வானத்தில் ஆரம்பிக்கிறது! 1842ஆம் ஆண்டு மே மாதம் பிராக் நகரத்தில், கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரியப் பேராசிரியர் அறிஞர் அவை ஒன்றில் உரையாற்றினார். எதைப் பற்றி? இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி! ஒளியோ ஒலியோ, அதை வெளியிடும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அலைகள் நெருங்கும், விலகிப் போனால் அலைகள் விரியும் என்றார். பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு நம்மைக் கடந்துபோகும்போது சுருதி இறங்குவதைக் கேட்டிருப்பீர்களே, அதேதான். இதைச் சோதித்துப் பார்க்க ஹாலந்து விஞ்ஞானி பைஸ் பாலட் செய்ததுதான் உச்சம்! 1845இல் எக்காளக்காரர்களை ரயிலில் ஏற்றி ஊதச் சொன்னார். தண்டவாளத்து ஓரத்தில் நல்ல சங்கீத ஞானம் உள்ளவர்களை நிற்கவைத்துச் சுருதி மாறுகிறதா என்று கேட்கச் சொன்னார். பிப்ரவரியில் பனிப்புயல் கெடுத்துவிட்டது. ஜூனில் மறுபடி முயன்றார். மாறியது!

நட்சத்திரத்துக்கு வந்த அந்த விதி, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஜப்பானின் ஒசாகா நகரத்தில் மனித உடம்புக்குள் இறங்கியது. ஷிகேயோ சட்டோமுரா என்ற விஞ்ஞானி 1950களில் காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, அசையும் இதயத்திலும் ஓடும் ரத்தத்திலும் பட்டுத் திரும்பும் அலையைப் பிடித்தார். அடுத்து அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஸ்ட்ராண்ட்னஸ் என்ற அறுவை மருத்துவர் அதைக் கால் நோயாளிகளின் கட்டிலருகே கொண்டுவந்தார். எக்காளக்காரர்கள் இடத்தில் சிவப்பணுக்கள், ரயில் இடத்தில் ரத்த ஓட்டம்!

இதில் இயற்கை நமக்கு ஒரு பெரிய சலுகை செய்திருக்கிறது. பேனா அனுப்பும் ஒலி நொடிக்கு 80 லட்சம் அதிர்வு. எந்தக் காதுக்கும் கேட்காது. ஆனால் போன அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் உள்ள வித்தியாசம் சில நூறிலிருந்து சில ஆயிரம் அதிர்வுகள்தான். நம் காது கேட்கிற எல்லைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது! அதனால்தான் அந்த வித்தியாசத்தை அப்படியே ஸ்பீக்கரில் போட்டால் ரத்தம் பேசுகிறது. நல்ல தமனியில் ஒரு துடிப்புக்கு மூன்று ஒலி: முன்னே ஒரு பாய்ச்சல், பின்னே ஒரு சின்ன இழுப்பு, மறுபடி முன்னே ஒரு தள்ளல். ஆமாம், நல்ல கால் தமனியில் ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கணம் பின்னோக்கிப் போகிறது! அடைப்பு முற்ற முற்ற மூன்று ஒலி இரண்டாகும், பிறகு ஒரே ஊளையாகும். பெரியப்பாவின் இடது காலில் நான் கேட்டது அந்த ஒற்றை ஒலிதான்.

கலர் டாப்ளர் ஸ்கேன் பார்த்திருப்பீர்கள். திரையில் சிவப்பும் நீலமும் ஓடும். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிப் போகும் ஓட்டத்துக்கு ஒரு நிறம். அவ்வளவுதான். கருவியைத் திருப்பிச் சாய்த்தால் அதே குழாய் நிறம் மாறும். அடைப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், வேகத்தை வைத்து! தோட்டத்துக் குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதேபோல் குழாய் சுருங்கிய இடத்தில் ரத்தம் சீறுகிறது. அதற்கு முந்தைய இடத்தைவிட இரண்டு மடங்கு வேகம் இருந்தால், குழாயில் பாதி அடைந்துவிட்டது என்று கணக்கு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, சுகர் உள்ளவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. பல வருஷச் சுகரில் கணுக்கால் தமனியின் சுவரில் சுண்ணாம்பு படிந்து, குழாய் கல் மாதிரி ஆகிவிடும். பட்டையில் எவ்வளவு காற்று ஏற்றினாலும் அந்தக் குழாய் அமுங்காது! அதனால் பிரஷர் பொய்யாக ஏறி, விகிதம் 1.4ஐத் தாண்டிக் காட்டும். சிலருக்குச் சரியான அளவுபோலவே 1.1, 1.2 என்றும் காட்டி ஏமாற்றிவிடும். அப்படியானால் சுகர்காரர்கள் கதி? அதற்கும் வழி இருக்கிறது, கால் கட்டைவிரல்! பாதத் தமனி கல்லானாலும் விரலின் சின்னத் தமனிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கைக்குழந்தைக்குக் கட்டுவதுபோல ஒரு குட்டிப் பட்டையை விரலைச் சுற்றிக் கட்டி, நுனியில் ஒரு ஒளி உணரியை மாட்டுவார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டினோமே, அந்த ஆக்ஸிமீட்டரும் இதுவும் ஒரே குடும்பம். தோலுக்குள் ஒளியை அனுப்பி, ரத்தம் வந்து போவதைப் பார்ப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. விரல் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்து 0.7க்குக் கீழே வந்தால் கோளாறு.

இன்னொன்று இருக்கிறது, புண் ஆறுமா என்று ஜோசியம் பார்க்காமல் அளந்தே சொல்லும் கருவி! பாதத்துத் தோலில் ஒரு சின்ன வில்லையை ஒட்டுகிறார்கள். அது தோலை 44 டிகிரி வரைக்கும் சூடாக்கும். சூட்டில் நுண்குழாய்கள் விரிந்து ஆக்சிஜன் தோலைத் தாண்டிக் கசிந்து வரும். அதை வில்லை அளக்கும். அளவு 30க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறுவது கடினம். காலை எடுத்தே ஆகவேண்டிய துயரமான நிலையிலும், எந்த இடத்தில் எடுத்தால் காயம் ஆறும் என்பதற்கு இந்த எண் துணை செய்கிறது. ஒரு விரலோடு போகவேண்டியது முழங்காலோடு போகாமல் காப்பாற்ற ஒரு வில்லை!

சுகர் காலுக்கு இன்னொரு துரோகமும் செய்கிறது. உணர்ச்சியைப் பறித்துவிடுகிறது. ரத்தமும் வராது, வராததன் வலியும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, 'தெரியுதா?' என்று கேட்பார்கள். அதற்கும் ஊசி கிடையாது. உணர்ச்சியற்ற பாதம் ஏன் புண்ணாகிறது என்பதை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் ஒருவர் நம் வேலூரில் வேலை செய்தவர், தெரியுமா? 1946இல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து, தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்த டாக்டர் பால் பிராண்ட்! விரல்கள் அழுகி விழுவது தொழுநோயால் நேராக வருவதில்லை, வலி தெரியாததால் ஓயாமல் படும் காயங்களால் வருகிறது என்று காட்டினார். இன்றைக்குச் சுகர் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோயாளிகளின் பாதம் காக்க நடந்த அந்தப் பணியோடு தொடர்புடையது.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வின் எண்ணிக்கை 2000இல் வெளிவந்தது. டாப்ளர் வைத்துக் கால் பிரஷர் பார்த்ததில், சுகர் இல்லாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும், சுகர் உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் கால் தமனி நோய். இரண்டு மடங்குக்கு மேல்! இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு சொல்கிறது. பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். உலகம் முழுக்க 2015இல் 23 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பீடு. இவர்களில் பலருக்கு வலியே கிடையாது!

வலி இல்லையென்றால் எதற்குக் கவலை என்று கேட்கத் தோன்றும். கால் தமனியில் படிந்த கொழுப்பு காலோடு நிற்பதில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் போகிற குழாய்களும் அதே உடம்பில்தானே இருக்கின்றன? ஏபிஐ 0.9க்குக் கீழே இருப்பவர்கள் அடுத்த பத்து ஆண்டுகளில் இதய, ரத்தக் குழாய் நோயால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு நடந்ததைப் பாருங்கள். ஓயாமல் சிகரெட் பிடித்தவர். 1948இல் கால் மரத்துப்போகத் தொடங்கியது. வலது காலையே எடுக்க வேண்டிவருமோ என்று அஞ்சினார்கள். 1949 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ளேயே அறுவை அரங்கு அமைத்து, பேராசிரியர் லியர்மந்த் அறுவை செய்தார். கால் தப்பியது! மகிழ்ந்துபோன மன்னர் வாளைக் கொண்டுவரச் சொல்லி, மருத்துவருக்கு அங்கேயே 'சர்' பட்டம் கொடுத்தார். ஆனால் 1952 பிப்ரவரியில் தூக்கத்திலேயே உயிர் போனது. காரணம், இதயத் தமனியில் அடைப்பு.

இதுவரை சொன்னதெல்லாம் ரத்தம் காலுக்கு இறங்குகிற கதை. இறங்கிய ரத்தம் ஏறியாக வேண்டுமே! அதற்குத் தனி இதயம் எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் ஆடுசதையில்! நடக்கும்போது அந்தச் சதை இறுகி, சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்றபடியே இருந்தால் கணுக்கால் சிரையில் 90 புள்ளி அளவு அழுத்தம். நாலு எட்டு நடந்தால் அது 30க்கும் கீழே இறங்கிவிடும்! சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதானால் ரத்தம் திரும்ப இறங்கும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று நாம் சொல்வது நரம்பே இல்லை, இந்தச் சிரைகள்தான். ஒட்டகச்சிவிங்கிக்கு ஏன் கால் வீங்குவதில்லை என்று ஆராய்ந்தவர்கள், அதன் கால் தோல் இறுக்கமான உறைபோல் பிடித்திருப்பதைக் கண்டார்கள். பிறக்கும்போதே காலுறையோடு பிறக்கிறது!

சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் முறையும் எளிமையின் உச்சம். ஸ்கேன் கருவியால் தொடையில் ஓர் அழுத்து. நல்ல சிரை சப்பென்று அமுங்கித் திரையில் காணாமல் போகும். உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது. அவ்வளவுதான் பரிசோதனை!

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கால் வீக்கம் என்றதும் மருந்துக்கடையில் இறுக்கமான காலுறையைத் தாங்களாக வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. சிரைக் கோளாறுக்கு அது மருந்து. தமனி அடைத்த காலுக்கு அதுவே வினை! ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக வரும் ரத்தத்தையும் அது நெரித்துவிடும். ஏபிஐ பார்க்காமல் காலுறையை மாட்டாதீர்கள்.

வீட்டிலேயே ஏதாவது பார்க்கலாமா? பார்க்கலாம். பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையிலிருந்து பாதத்தின் மேல்பக்கமாக விரல்நுனியை மெல்ல நகர்த்திக்கொண்டே வாருங்கள். நடுப்பாதத்தில் துடிப்பு தட்டுப்படும். இன்னொன்று உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால். மெதுவாகத் தொட வேண்டும், அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் விரலின் துடிப்பையே காலின் துடிப்பென்று எண்ணிவிடுவீர்கள். நல்ல ஆரோக்கியம் உள்ள சிலருக்குப் பாதத்தின் மேல் துடிப்பு பிறவியிலேயே இருக்காது. ஆகவே கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம், டாப்ளர் வைத்துக் கேட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் சில்லிட்டிருப்பது, விரல் மயிர் உதிர்ந்து தோல் பளபளப்பது, ராத்திரி காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருவது, இரண்டு வாரமாகியும் புண் ஆறாதது, இவையெல்லாம் கால் கொடுக்கும் தகவல்கள். திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்து, மரத்துப்போனால் அது வேறு. அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலே போய்விடலாம்.

பெரியப்பா பீடியை விட்டு ஏழு மாதமாகிறது. மருந்தோடு அவருக்குக் கிடைத்த முக்கியமான வைத்தியம் என்ன தெரியுமா? நடை! வலி வரும்வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட என்று டாக்டர் சொன்னார். வலித்தால் நடக்கக் கூடாது என்று ஒரு வருஷம் வீட்டில் உட்காரவைத்திருந்தோம்! நடக்க நடக்க, கிடைக்கிற ரத்தத்தை வைத்தே வேலை செய்யச் சதை பழகுகிறது. அடைபட்ட இடத்தைச் சுற்றிப் போகும் கிளைக் குழாய்களும் கைகொடுக்கின்றன. இப்போது ஏழு மண்டபம் தாண்டி நிற்கிறார்.

'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரிலேயே தமிழக அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது, சுகர் நோயாளிகளின் கால்களுக்காகவே. உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய சுகர்காரரோ, பீடி சிகரெட் பிடிக்கிறவரோ, நடந்தால் கால் வலிக்கிறது என்கிறவரோ இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேளுங்கள்: "டாக்டர், காலுக்கும் பிரஷர் பார்த்துச் சொல்லுங்க." கேட்பதற்கு முன் செருப்பையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிடுங்கள்.